ரோஸி டீச்சரின் பெட்டி

கண்காட்சிக்காக ஃபிரேம் போடக் கொடுத்திருந்த என் படங்களை வாங்கிவர ஃபிரேம் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் வார்னிஷ் வாடை. சட்டென்று கொடைக்கானலில் அப்பாவின் பட்டறைக்குப் போய்விட்டேன்.

அப்பா சவப்பெட்டி செய்கிறவர். மழைக்காலத்தில் வார்னிஷ் லேசில் காயாது. வீடெல்லாம் அந்த வாடைதான். காயவைத்த பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

ஓய்வுபெற்ற ரோஸி டீச்சர் தனக்கே ஒரு பெட்டி சொல்லியிருந்தார். ஒருநாள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்தும் பார்த்தார்.

"தோள்பட்டை இடிக்குதுங்க. கொஞ்சம் அகலம் பண்ணுங்க."

அப்பா அகலப்படுத்தி முடித்த அன்று, மூடியின் உட்புறத்தில் அடுப்புக்கரியால் ஒரு எலும்புக்கூடு வரைந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, பிரம்பைத் தூக்கியபடி அது சிரித்தது. டீச்சர் வந்து நின்றபோதுதான் அப்பா அதைப் பார்த்தார்.

"ஏ புள்ள, என்ன சோலி பாத்து வச்சிருக்க!"

அவர் துடைக்கத் துணியை எடுத்தார். எனக்கு அழுகை முட்டியது. டீச்சர் அவரைத் தடுத்தார்.

"அழிக்காதீங்க. உள்ள கெடக்கப்போறது நான். மேல பாக்க எனக்கு ஏதாவது வேணாமா?"

சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படம் கலையாமலிருக்க அவரே மேலே வார்னிஷ் அடித்துக் கொடுத்தார்.

அதன்பிறகும் டீச்சர் பல வருஷம் நன்றாக இருந்தார். பெட்டியில் கம்பளிகளை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டினார்.

கடைக்காரர் என் படங்களைக் கட்டிக்கொண்டே, "இந்தப் பொணம், பேயெல்லாம் வரைஞ்சது நீங்களா?" என்றார். "பாத்தா நல்லாத்தானே இருக்கீங்க!"

"ரொம்ப நல்லா இருக்கேங்க" என்றேன்.