பூட்டிக் கிடந்த அறை

வெலிங்டனில் வீட்டுச் சொந்தக்காரரும் நினைத்தவுடன் தன் வீட்டுக்குள் நுழைய முடியாது. வாடகைக்கு இருப்பவருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. இப்போது அந்த அறிவித்தல்களை எழுதுவதும் என் வேலைதான். வாடகை வீடுகள் சுகாதாரத் தரத்துக்கு ஏற்ப இருக்கின்றனவா என்று பார்த்து, திருத்த வேண்டியவற்றைச் சொந்தக்காரருக்குச் சொல்கிறேன். முதலில் யன்னல், பிறகு கூரை, பிறகு சுவர். இந்த ஒழுங்கை நான் மாற்றுவதில்லை. ஒருமுறை ஒரு வெள்ளைக்கார முதியவர், "நீ வீட்டுக்காரியா, வாடகைக்கு இருப்பவளா?" என்று கேட்டார். "இரண்டும்தான்" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

பகிடியில்லை. இங்கே நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். சாவகச்சேரியில் எங்கள் வீட்டில் சுகந்தி அக்கா குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அவர் கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்பவர். வெளிநாடு போன பலரையும் போல அப்பாவும் ஓர் அறைக்குள் எங்கள் சாமான்களை வைத்துப் பூட்டிவிட்டு மிச்ச வீட்டைத்தான் கொடுத்திருந்தார். அவசரத்துக்கென்று சாவி அக்காவிடமே இருந்தது.

போன மார்கழியில் விடுமுறைக்குப் போனேன். படலையில் நின்று "ஆர் வீட்டிலை?" என்று கூப்பிட்டேன். சொந்த வீட்டு வாசலில் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நடு அறையில் ஒரு சுவர் மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தது. அதன் அருகே கட்டிலில் அக்காவின் மகள் மதுரா முட்டு இழுத்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து ஈரம் அளக்கும் மீற்றரை எடுத்துச் சுவரில் வைத்தேன்.

"சுவருக்குக் காய்ச்சலோ, தங்கச்சி?" என்று அக்கா சிரித்தார்.

மீற்றர் சிவப்புக் காட்டிக் கத்தியதும் சிரிப்பு நின்றது. "நீங்கள் வாறியள் எண்டுதான் நேற்று அடிச்சனான். சுவர் கறுத்துக் கிடந்தது. பழுதாக்கிப் போட்டம் எண்டு எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப் போடுவியளோ எண்டு பயம்."

வெலிங்டனில் குடியிருப்பவர்கள் பழுதை விரல் நீட்டிக் காட்டுவார்கள். அக்கா சுண்ணாம்பால் மறைத்திருந்தார். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் எங்கள் அறை.

"சாவி உங்களிட்டைத்தானே இருந்தது, அக்கா?"

"ஓம். அதுக்காக, ஆக்களில்லாத நேரம் மற்றவையின்ரை அறையைத் திறக்கிறதோ?"

திறந்தோம். கூரைத் தண்ணீர் ஓடும் பீலி அடைத்து, மழைத்தண்ணீர் ஓட்டுக்குள்ளால் இறங்கியிருந்தது. அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சணம். நாங்கள் போனதிலிருந்து அந்த யன்னல் திறபடவேயில்லை.

அப்பாவுக்கு அழைத்தேன். கூரையை உடனே திருத்தச் சொன்னார். அறையை வெறுமையாக்கத்தான் மனமில்லை.

"எல்லாத்தையும் எடுத்தால், எங்கடை எண்டு அங்கை என்ன இருக்கு, பிள்ளை?"

"பூட்டி வைச்சால் திரும்பவும் பூஞ்சணம் பிடிக்கும், அப்பா. இஞ்சை ஒரு பிள்ளைக்கு மூச்சு விட ஏலாமக் கிடக்கு."

சரியென்றார். பிறகு, "அம்மாவின்ரை அலுமாரியை மட்டும் எறிஞ்சு போடாதை" என்றார்.

"அதை நான் பாத்துக்கொள்ளுவன், ஐயா" என்று பக்கத்தில் நின்ற அக்கா ஃபோனுக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னார்.

ஓடு மாற்றினோம், பீலியைத் துப்புரவாக்கினோம், அலுமாரியை வெயிலில் காயவைத்து விறாந்தைக்கு எடுத்தோம். எங்கள் சாமான்களில் ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. மகளுக்கு முட்டு இழுத்த நாட்களிலும் எங்கள் பூட்டில் கைவைக்காத மனுசி. நன்றி சொன்னேன். "என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

சுவர் காய்ந்த பிறகு அந்த அறை மதுராவுக்கென்றாயிற்று. நேற்று ஒரு படம் வந்தது. திறந்த யன்னலடியில் அவள் வாய் மூடி நித்திரை கொள்கிறாள். அவளுக்குப் பின்னால், அலுமாரி நின்ற இடம் மட்டும் சுவரில் வேறு நிறமாகத் தெரிகிறது. கீழே அக்கா எழுதியிருந்தார்: "இப்ப முட்டு குறைவு. எப்ப வாறியள், தங்கச்சி? முன்னுக்கே சொல்லுங்கோ, அறையை ஒதுக்கி வைக்கிறன்."

"ஓம் அக்கா, அறிவிச்சுப்போட்டு வாறன்" என்று பதில் எழுதினேன். எத்தனையோ வீடுகளுக்கு அறிவித்தல் எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு எழுதியது அதுதான் முதல்.