சுரங்கத்துக்கு முன்னால் மாற்றிய பாஸ்வேர்ட்

ஹட்டனில் ரயிலேறி என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த மிஸ், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவராம். போனில் பாஸ்வேர்ட் அடிக்கும்போதெல்லாம் முந்தானையால் மறைத்துக்கொண்டார். யாரிடமிருந்து? இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்று, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே கிழவியான என்னிடமிருந்து!

கொஞ்ச நேரத்தில் அவருடைய பல்கலைக்கழக லைப்ரரியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. கேட்டதும் அலறினார்.

"ஐயோ பாட்டி! காலையில வந்தது லைப்ரரி மெயில்னு நம்பி, பாஸ்வேர்டக் கள்ளனுக்கு அனுப்பிட்டேன். லைப்ரரிக்குள்ள பூந்து ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் அள்ளிருவான். அப்புறம் அதப் போடுற கம்பெனிக்காரங்க எங்க பல்கலைக்கழகத்துல யாருக்குமே வாசிக்கத் தரமாட்டாங்க!"

"சட்டுனு மாத்துங்க மிஸ்! சுரங்கம் வருது, சிக்னல் போயிரும்!" என்று அவசரப்படுத்தினேன்.

பெட்டியே எழுந்து நின்று பார்த்தது. இருட்டு விழுகிற நேரத்தில், "மாத்திட்டேன்!" என்று கத்தினார். எல்லோரும் கை தட்டினோம்.

"கள்ளன் தேடி வர்ற அளவுக்கு அதுல என்னங்க இருக்கு?"

"நான் வாசிக்கிறது தேயிலைக் கொழுந்துல வர்ற கொப்புள நோயப் பத்தி, பாட்டி."

"அட, இதுக்கா திருட்டு? எங்க தேயிலை மலைக்கு வந்திருந்தா நாங்களே சும்மா காட்டியிருப்போமே!"

சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "எந்த மாசத்துல கூடுதலா வரும், பாட்டி?" என்றார். கொட்டகலையில் நான் இறங்கும்வரை எழுதினார்.

நான் சொன்னதையும் இந்நேரம் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருப்பாரோ என்னவோ.