முக்கால் சார்ஜில் ஓடிய பஸ்

பதினாறு பேர் உட்காரும் அந்த பேட்டரி பஸ், மத்தியானம் ஆனால் ஐந்து ரதத்துக்கு எதிரே நின்றுவிடும். நின்றால் தள்ளத்தான் வேண்டும். அடியில் இருந்த முப்பத்தாறு பேட்டரி செல்லும் அவற்றைச் சுமக்கும் இரும்புத் தொட்டியும் சேர்ந்து எளிதில் அசைக்க முடியாத கனம். ஊர் பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளுவார்கள். எதிரே ஆட்டோக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"இன்னா அண்ணாத்த, போட்டு தரை தட்டிச்சா?"

பஸ்ஸைப் படகாக்கிக் கேட்டதில் குத்தல் இருந்தது. டிரைவர் மீனவக் குப்பத்துக்காரர். வலை இழுக்கும்போது தோள் பிசகி, கடலுக்குப் போக முடியாமல் ஆன பிறகு இந்த ஸ்டியரிங்கைப் பிடித்தவர். அவர் மனைவி மீன் விற்பவர். இரண்டு சம்பாத்தியத்தில் ஓடிய வீடு.

பஸ் என் மைத்துனருடையது. செங்கல்பட்டில் அவருக்கு வாடகை வேன் தொழில். கோயில் பக்கம் புகை விடும் வண்டியை இனி அனுமதிக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, தொண்ணூறுகளின் கடைசியில் இதை வாங்கிவிட்டார். சொன்னபடி யாரும் எதையும் தடுக்கவில்லை. ஒருநாள் என்னைக் கூட்டிப்போய் நின்றுபோன பஸ்ஸைக் காட்டினார்.

"மாமா, கூட்டமே சாயங்காலம்தான் வருது. சாயங்காலம் ஓடாத வண்டி எனக்கு எதுக்கு? அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்து பாப்பேன். ஓடலைன்னா இத தள்ளிவிட்டுட்டு டீசல் வேன் விட்டுடுவேன். அத ஓட்ட என்கிட்ட வேற ஆள் இருக்கு."

டிரைவர் பக்கத்திலேயே இருந்தார். ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. சதுரங்கப்பட்டினம் பக்கத்து நகரியத்தில் குடியிருந்தேன். அலுவலகத்தில் கரண்ட் போனால் உதவுவதற்கென்று வரிசையாக நிற்கும் செல்களை எண்ணுவதும் அளப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை. வேலையால் வந்த பழக்கமா, பழக்கத்தால் கிடைத்த வேலையா என்று என் மனைவி கேட்பாள். வீட்டில் படிக்கட்டையும் எண்ணித்தான் இறங்குவேன்.

பேட்டரியில் பழுதில்லை. ராத்திரி முழுக்க ஏறிய சார்ஜ் ஆறு நடைக்குத் தாங்கியது, அவ்வளவுதான். உச்சிவெயிலில் கல் கொதிக்கும்போது யாரும் ரதம் பார்க்க வருவதில்லை. அந்த இடைவேளையில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் சாயங்காலம் ஓடலாம். அதற்குப் பெரிய சார்ஜர் வேண்டும். அதைவிட முக்கியம், பெரிய மோட்டார்களை ஓட்டும் மூன்று பேஸ் கரண்ட். பஸ் ஸ்டாண்டில் அது இல்லை. பஸ் போகும் வழியில், குப்பத்தை ஒட்டிய ஐஸ் ஃபேக்டரியில் இருந்தது. டிரைவரின் மனைவி அங்கேதான் ஐஸ் வாங்குவார். அவர் கேட்டதும் முதலாளி சம்மதித்துவிட்டார்.

செங்கல்பட்டில் டிரான்ஸ்பார்மர் சுற்றும் கடையில் சார்ஜரைச் செய்து வாங்கினேன். லீவு போட்டேன். தூக்கம் போனது. ஐஸ் ஃபேக்டரித் தரை எப்போதும் ஈரம், அங்கே எல்லோரும் வெறுங்கால். பலகை போட்டு, அதன்மேல் ரப்பர் விரித்து, கேபிளை ஆள் உயரத்தில் கட்டினேன். மறுநாளும் போய்க் கட்டைப் பார்த்தேன். அவிழவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதன்முதலாக மாட்டினோம். ஆம்பியர் முள் நான் நினைத்த இடத்துக்குப் போய் நின்றது. ஒன்றரை மணி நேரத்தில் முக்கால் ஏறிவிட்டது.

"போதும், எடுத்துடுங்க" என்றேன் டிரைவரிடம்.

"முக்காதானே சார் கீது?"

"முக்கால் வரைக்கும்தான் வேகமா ஏறும். காலி பஸ்ஸுல எல்லாரும் சட்டுன்னு ஏறிடறாங்க. நிறைஞ்சப்புறம் கடைசி நாலு பேரை அவசரமா உள்ள தள்ளினா என்ன ஆகும்?"

"அடிதடி ஆவும். ஆனா நம்ம பஸ்ஸு எப்ப சார் நெறஞ்சிது?"

சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அவர் எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

திரும்பி வரும்போதே சத்தம் கேட்டது. செல்கள் குக்கர் மாதிரி சீறிக்கொண்டிருந்தன. மூடிகளைச் சுற்றி ஈரம். அமில வாடை மூக்கைச் சுட்டது. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். அவர் மனைவி மீன் கூடையிலிருந்த ஐஸை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தார்.

"நவுரு சார், ஐஸு வெச்சா அடங்கிடும்!"

"ஐயோ, வேண்டாம்மா! அதுல உப்பு இருக்கு!"

மீன் கெடாமலிருக்க ஐஸில் உப்பு கலப்பது அங்கே வழக்கம். அந்தத் தண்ணீர் ஒரு செல்லுக்குள் இறங்கியிருந்தால் அதோடு அந்தச் செல் போயிருக்கும். அவர் ஐஸை அப்படியே கூடையில் போட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினார்.

"எடுக்கச் சொன்னாரில்ல? நீ இன்னாத்துக்குய்யா வுட்ட?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒருதபா கோவளத்துக்கு நேரா டீசல் தீந்துபோயி, ராவெல்லாம் அலையில கெடந்தோம் சார். காலையில வேற போட்டுக்காரன் கவுறு போட்டு இழுத்தாந்தான். அதுலேர்ந்து டேங்கு ஃபுல்லா இல்லாம நான் கரைய வுட்டு எறங்குனதே கெடையாது."

அவர் மனைவி விடவில்லை.

"யோவ், நடுக்கடல்ல ஐஸ் ஃபேக்டரி கீதா? இங்க ஒவ்வொரு நடைக்கும் நீ இதத் தாண்டித்தான போற. கொறஞ்சா உள்ள வுட்டு மாட்டேன். இன்னா, உன்ன அலை இழுத்துனு போயிடுமா?"

அதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. மத்தியானம் மட்டும்தான் மாட்ட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? மத்தியானம் முக்கால் வரை. அப்புறம் இரண்டு நடைக்கு ஒருதரம் கொஞ்சம். நிறைப்பதை ராத்திரி மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். அன்று சாயங்காலம் பஸ் ஓடவில்லை. சூடு இறங்கிய பிறகு செல்லை ஒவ்வொன்றாக அளந்தேன். முப்பத்தாறும் பிழைத்திருந்தன. நம்பாமல் மறுபடி அளந்தேன். சனிக்கிழமை முழுக்க வண்டியை வெளியே எடுக்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைத்துனர் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் நான், மடியில் மீட்டரோடு. நல்ல கூட்டம். கடற்கரைக் கோயிலுக்கு ஒரு நடை, ரதத்துக்கு ஒரு நடை. கலங்கரை விளக்கத்துப் பக்கத்து மேட்டில் ஏறும்போது மீட்டர் முள் சரிவதைப் பார்த்து, மேடு முடிய இன்னும் எத்தனை கம்பம் என்று எண்ணினேன். ஆட்களை இறக்கிவிட்டதும் டிரைவர் குப்பத்துச் சந்தில் திருப்பினார்.

"இங்க எதுக்கு?" என்றார் மைத்துனர்.

"டீ குடிக்க சார். நமக்கும், வண்டிக்கும்."

பலகைமேல் ஏறி நின்று மாட்டினார். டீ வந்தது. நான் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். வண்டியின் சார்ஜ் முள் ஏறியது. முக்காலைத் தொட்டது. அவர் கண் முள்ளின்மேலேயே இருந்தது. தாண்டிவிடுமோ, சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவர் டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு, எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்துக் கேபிளைப் பிடுங்கினார்.

"டீய குடிச்சிட்டு போய்யா" என்றார் மனைவி.

"வர்ற நடையில குடிச்சிக்கிறேன். அதான் நீ கீறியே."

கடைக்காரர்கள் விளக்கு ஏற்றிய பிறகும் பஸ் ஓடியது. கடைசி நடை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னா அண்ணாத்த, இன்னிக்கு தள்ள ஆள் வோணாமா?" என்று கேட்டார். டிரைவர் பதிலுக்கு ஹாரன் மட்டும் அடித்தார், தேவைக்கு மேல் நீளமாக. மைத்துனர் கடைசி பஸ் பிடித்து செங்கல்பட்டுக்குப் போய்விட்டார். அவர் மனசில் என்ன என்று வாரம் முழுக்க எனக்குக் கவலை.

அடுத்த ஞாயிறு வந்தார். டீசல் வேனும் வரவில்லை, வேறு டிரைவரும் வரவில்லை. தோளில் ஒரு கேபிள் சுருள். ரதத்துப் பக்கமும் ஒரு இடம் பார்த்து மாட்டிக்கொள்ள வசதி செய்யலாமா என்று டிரைவரைத்தான் கேட்டார், என்னை அல்ல. டிரைவர் கேபிளை வாங்கி என்னிடம் நீட்டினார். விரலால் உருட்டிப் பார்த்தேன். வேண்டியதைவிட ஒரு சைஸ் மெலிசு. மாற்றி வாங்கிவரச் சொல்லி, மைத்துனரை அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினேன்.