முதல் சுருளோடு வந்தவர்கள்

படச்சுருள் கழுவுகிற தொழிலில் கை கறுத்துப்போவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. வாசலில் காத்திருக்கிறவரிடம் என்ன சொல்வது என்பதுதான் கவலை. இதே பிழைப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள்.

நான் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் கம்பவுண்டர். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் பாதி காலியான கோடையில், மூட்டை முடிச்சோடு சில பெட்டிக் கேமராக்களும் எங்கள் பக்கம் வந்து இறங்கின. வந்தவர்களுக்குப் பொழுது போகவில்லை. எட்டுப் படம் பிடிக்கும் சுருளைப் போட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துவிட்டு, இதை எங்கே கழுவுவது என்று மருந்துக்கடையில் வந்து நின்றார்கள். "மருந்து மிக்ஸ்சர் கலக்கறவனுக்கு இது கலக்கத் தெரியாதா?" என்று முதலாளி என்னைக் கைகாட்டிவிட்டார். பின்கட்டு அறையின் ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, அரிக்கேன் விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடி போட்டதும் நான் போட்டோக்காரன் ஆகிவிட்டேன்.

வெயிலில் பார்த்தவர்

பூந்தமல்லியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சைக்கிளில் வந்தார். பையன் பிறந்து முதல் தடவை தலை நிமிர்ந்ததிலிருந்து தவழ்ந்ததுவரை ஒரே சுருளில் எடுத்திருந்தாராம். சுருளை என் கையில் கொடுக்கும்போதே எனக்குச் சந்தேகம். புதுச் சுருள் கடிகாரச் சாவி கொடுத்தமாதிரி இறுகி இருக்கும். இது தளர்ந்துபோன பாய்மாதிரி இருந்தது. "பிரிச்சுப் பார்த்தீங்களா சார்?" என்றேன். "பின்னே? உங்களுக்கு வீண் சிரமம் வேண்டாமேன்னு, மொட்டை மாடியிலே வெச்சு முழுசாப் பிரிச்சுப் பார்த்தேன். ஒரு படமும் தெரியலே. கழுவினா ஒருவேளை தெரியுமோன்னு கொண்டுவந்தேன்" என்றார்.

கழுவினேன். சட்டிக் கரிபோல ஒரே கறுப்பு. வெளிச்சம் பட்டால் சுருள் கெட்டுவிடும் என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் மாணாக்கன்போலக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். சைக்கிளில் ஏறும் முன் திரும்பி வந்தார்.

"வெளிச்சம் பட்டா கெட்டுடும்னா, பையனை ஏன் சார் வெயில்லே உட்கார வெச்சு எடுக்கச் சொல்றாங்க?"

மாமியாரும் ரயிலும்

வக்கீல் குமாஸ்தா ஒருவர் மனைவியோடும் மாமியாரோடும் வந்து எங்கள் ஊரில் வாடகைக்குக் குடியிருந்தார். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவதாக வந்த மாமியார், ஆடிக்கு முன்னால் கிளம்புவதாக இல்லை. மாப்பிள்ளை வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவ்வளவு சாது. ஒரு சாயங்காலம் மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு படம் பிடித்தார். அந்தப் பூரிப்பில், அடுத்த படத்துக்குச் சுருளைத் திருகி நகர்த்த மறந்துவிட்டார். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், வருகிற ரயிலை எடுத்தார்.

படம் வாங்க மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மற்ற ஏழு படங்களையும் முதலில் காட்டி நான் நேரத்தைக் கடத்தினேன். கடைசியில் வேறு வழியில்லாமல், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்த அந்தப் படத்தை நீட்டினேன். அம்மாள் நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருக்க, அவர் வலது தோள்வழியாக இஞ்சின் நுழைந்து, கொண்டைக்கு மேலே புகை கக்கிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மாள் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கிளம்புங்கன்னு வாயால சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை, இதுக்கு எதுக்கு இத்தனை செலவு?"

கரைந்துபோனது

கோடையில் தண்ணீர் சுட்டால், சுருளின் மேலுள்ள பூச்சு வேகவைத்த கிழங்கின் தோல்போல உரிந்து கையோடு வந்துவிடும். அதனால் பட்டணத்திலிருந்து ஐஸ் வரவழைப்போம். மரத்தூளில் புதைத்து, சாக்கில் சுற்றி ரயிலில் வரும். அதை இறக்கிக் கடையில் சேர்ப்பது போர்ட்டர் ஏழுமலையின் வேலை. ஸ்டேஷன் எதிரே இருக்கும் கடைக்கு வருவதற்குள் பாதி கரைந்திருக்கும். ஏதோ மிச்சமாவது வரும்.

ஒருநாள் ஒரு கல்யாணச் சுருள். பெண்ணும் மாப்பிள்ளையும் அன்று மாலை ஊருக்குக் கிளம்புகிறார்கள். படத்தோடுதான் போவோம் என்கிறார்கள். ஏழுமலை கொண்டுவந்த சாக்கில் மரத்தூள் மட்டும் இருந்தது. அவன் மீசையிலும் கொஞ்சம் இருந்தது. அன்றைக்குக் கோயில் கேணியின் அடித்தண்ணீர்தான் என் மானத்தைக் காப்பாற்றியது. அவசரம் தீர்ந்தபிறகு ஏழுமலையைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"படமே வெக்க தாங்காதுன்னு சொல்ற, மன்சன் தாங்குவானா கம்பண்டரே?"

கறுத்த மீசை

கள்ளிக்குப்பத்தில் நிலபுலன் உள்ள பெரியவர் ஒருவர், தன் வீட்டில் குடியிருந்த பட்டணத்துக்காரரிடம் எடுக்கச்சொல்லி ஒரு சுருள் முழுக்கத் தானே நின்றார். தும்பைப் பூ மாதிரி தலை, அதேமாதிரி மீசை. கழுவிய சுருளைக் காயப்போட்டிருக்கும்போதே வந்துவிட்டார். இது நெகடிவ், வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும், அச்சுப் போட்டபிறகு சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் காதில் விழவில்லை. சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றவர், தன் மீசையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"தலையும் கறுத்துப்போச்சு, மூஞ்சியும் வெளுத்துப்போச்சு, இன்னும் இன்னாத்த சரி பண்ணப்போற? இதையே சட்டம் போட்டுக் குடுத்துடு."

பட்டாளத்துக் கோவிந்தன்

முனியம்மா அண்ணனூர்ப் பக்கம் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவள். ஒரே மகன் கோவிந்தன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். வடக்கே போகுமுன் ஒருநாள் லீவில் வந்தவனை, அந்த ஊரில் வந்து தங்கியிருந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர் தன் புதுக் கேமராவில் ஒரு படம் எடுத்தார். மகன் போனபிறகு முனியம்மா என் கடைக்கு வந்து, "படம் வந்துச்சா நைனா?" என்று கேட்பாள். சுருளே வரவில்லை. ஏஜெண்டைக் கேட்டால், சுருளில் இன்னும் மூன்று படம் பாக்கி, அதை மகளின் காதுகுத்துக்கு வைத்திருப்பதாகச் சொன்னார். சண்டைக் காலத்தில் சுருள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவரையும் குறை சொல்ல முடியாது.

முனியம்மா தன் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு அவர் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். "காது எங்க சாமி ஓடப்போவுது? அப்பால குத்திக்கலாம்" என்றாளாம். மனிதர் இரண்டு நாள்தான் தாங்கினார். மூன்றாம் நாள் அவள் ஆட்டை ஒன்று, புளியமரத்தை ஒன்று, அவளை ஒன்று எடுத்துத் தீர்த்துவிட்டுச் சுருளை என்னிடம் அனுப்பினார்.

சிவப்பு விளக்கில் சுருளைத் திரவத்தில் ஏற்றி இறக்கும்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஆடு இரண்டு காதோடும் அற்புதமாக வந்திருந்தது. கோவிந்தன் பட்டாளத்துச் சட்டையில் விறைப்பாக நின்றான், கழுத்துவரைக்கும். அதற்கு மேல் படம் இல்லை. நான் எத்தனையோ பேருக்குக் கெட்ட சேதி சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த அறையிலேயே, கழுவின பாத்திரங்களைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். அச்சுப் போட்ட படத்தைக் கொடுத்தேன். படத்தில் அவன் கையை விரலால் தொட்டாள். "மூஞ்சி எங்க பூடப்போவுது நைனா, கண்ண மூடுனா தானா வருது. இவன் கையி இப்டித்தான் கீதுன்னு நான் இத்தினி நாளும் பாத்ததேயில்ல" என்று சொல்லிவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். ஊருக்குள் பார்த்தவர்கள் சிரித்தார்களாம். அவள் சட்டை செய்யவில்லை.

சண்டை முடிந்து கோவிந்தன் முழுசாகத் திரும்பி வந்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து, முகாமில் எடுத்துக்கொண்ட புதுப் படத்தைக் காட்டினான். தலை, தொப்பி, மீசை, மார்பில் பதக்கம், எல்லாம் பளிச்சென்று இருந்தன. "இப்போ திருப்திதானே முனியம்மா?" என்று கேட்டேன். அவள் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூஞ்சி நல்லாத்தான் கீது நைனா, ஆனா கைய ரெண்டையும் பின்னால கட்டிக்கினு கீறானே!"

படம் நன்றாக வந்தால் கேமரா உசத்தி, வராவிட்டால் கம்பவுண்டர் மட்டம் என்று அந்நாளிலேயே ஊரார் தீர்ப்பெழுதி வைத்துவிட்டதால், எங்களுக்கு அப்பீல் பண்ணுகிற சிரமமாவது மிச்சம்.