காலை உடைச்சுக்கம்மா!

போன மாதம், விடிந்தும் விடியாத நேரம். செங்கம் ரோட்டில் எங்கள் பக்கத்து வீட்டு வாசலில் ஜட்கா வண்டி தயாராக நிற்கிறது. வேர்க்கடலை மண்டி கோவிந்தசாமியின் மகள் சுமதிக்கு அன்று மத்தியானம் மெட்ராஸில் பேங்க் இன்டர்வியூ. மண்டிக்காரர் வீட்டில் முதல் பி.ஏ. அவள்தான். அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வழியனுப்ப நானும் போய் நின்றேன்.

அப்போதுதான் அவர்கள் வீட்டு மாடி ஜன்னல் திறந்தது. மாடியில் குடியிருப்பவர் மார்கரெட் அம்மாள். லண்டனில் நாடக நடிகையாக இருந்துவிட்டு, கிரிவலம் வந்த இடத்தில் மலையைச் சுற்றிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். வாய் நிறையச் சிரித்தபடி கை ஆட்டினார்.

"சுமதி, பிரேக் எ லெக்!"

கோவிந்தசாமியின் முகம் கறுத்துவிட்டது.

"இறங்கும்மா கீழே. பயணம் கேன்சல்!"

"அப்பா, அதுக்கு அர்த்தம் அது இல்லப்பா..."

"எனக்கும் தெரியும்மா. பிரேக்னா உடை. லெக்னா கால். இதுக்கு டிக்ஷனரி வேற வேணுமா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? வெளியே கிளம்புகிறவரை 'எங்கே போறீங்க?' என்று கேட்டாலே உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற ஜனங்கள் நாம். காலை உடை என்றால்..? பஸ்ஸுக்கோ நேரமாகிறது. அதை விட்டால் இன்டர்வியூ அம்போ! மாடியில் மார்கரெட் அம்மாள் ஒன்றும் புரியாமல் விழிக்கிறார்.

நானாக இருந்தால் கத்தியிருப்பேன். சுமதி அழக்கூட இல்லை.

"அப்பா, அவங்க நாடகக்காரங்க. மேடை ஏறும்போது 'நல்லா நடி'ன்னு வாழ்த்தினா கண்ணு பட்டுடும்னு அவங்களுக்கு பயம். அதான் தலைகீழா சொல்றாங்க."

"வெள்ளைக்காரங்களுக்கா? கண்ணா?"

"ஏன், நான் குழந்தையா இருக்கசொல்ல என் கன்னத்துல எதுக்கு மைப்பொட்டு வெச்சீங்க? அழகா இருக்கட்டும்னா?"

கோவிந்தசாமி மகளின் கன்னத்தைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார்.

"அப்ப... அந்தம்மா வெச்சது மைப்பொட்டா?"

"ஆமாம்பா. வாயால வெச்ச மைப்பொட்டு."

அசந்து போனேன். நாமெல்லாம் இங்கிலீஷ் மரபுத்தொடர்களை எப்படிப் படித்தோம்? இடது பக்கம் தொடர், வலது பக்கம் அர்த்தம், உருப்போட்டு பாஸ்! இங்கிலீஷில் காலை இழுத்தால் வெறும் கிண்டல். தமிழில் காலை வாரினால் துரோகம். இரண்டுக்கும் நடுவே எத்தனை பேர் வழுக்கி விழுந்திருப்போம்! இந்தப் பெண் அர்த்தத்தோடு நிற்கவில்லை. அந்த வார்த்தைக்குப் பின்னால் இருக்கும் பயத்தைக் கண்டுபிடித்து, அதே பயம் நம் வீட்டிலும் இருக்கிறது என்று அப்பாவுக்குக் காட்டிவிட்டாள். அதுவும் வண்டிக்காரர் அவசரப்படுத்திக்கொண்டே இருக்கும்போது! எனக்குப் பெருமையாக இருந்தது — என் பெண் இல்லையே என்று கொஞ்சம் பொறாமையாகவும்.

மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தோம். சுமதி ஏறி உட்காரவும் பஸ் நகரவும் சரியாக இருந்தது. கோவிந்தசாமி ஜன்னலோடு ஓடிக்கொண்டே, ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"நல்லபடியா காலை உடைச்சுக்கம்மா!"

படியில் தொங்கிய கண்டக்டர் பதறிப்போனார். "யோவ், பெத்த பொண்ணையா இப்படி சொல்றே?"

"உனக்கு இங்கிலீஷ் தெரியாது, போய்யா!"

நேற்று வேலைக்கான ஆர்டர் வந்துவிட்டது. கோவிந்தசாமி உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். மகளுக்கு அப்புறம்தானாம். முதலில் மார்கரெட் அம்மாளுக்குச் சுற்றிப் போட வேண்டுமாம்...

அவ்வளவு நல்ல வாய்க்குக் கண் பட்டுவிடக் கூடாதல்லவா!