வெள்ளைக் கொடி போன வழி

என் கைபேசியில் ஒரு படம் இருக்கிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து ஏறும் ஒரு சாலை. இரண்டு ஓரமும் மூங்கில் குச்சிகளை நட்டு, குச்சிக்குக் குச்சி கயிறு கட்டி, அதில் சின்னச் சின்ன வெள்ளைக் கொடிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பச்சைக்கு நடுவே அந்த வெள்ளை அவ்வளவு பளிச்சென்று தெரியும். அலுவலகத்தில் யாராவது என் படங்களைப் புரட்டினால் இந்த இடத்தில் விரல் நின்றுவிடும். "சூப்பரா எடுத்திருக்கீங்க, எந்த ஊருங்க?" என்பார்கள். கண்டிப் பக்கம் என்று சொல்லிவிட்டுக் கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். இந்தப் படத்தை ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். அனுப்பும்போது கீழே ஒரு வரியும் எழுதினேன். அந்த வரியை இதுவரை வேறு யாருக்கும் காட்டியதில்லை.

கோயம்புத்தூரில் இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தேயிலைத் தூளிலிருந்து நாரைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் ஓர் ஆலை வாங்கியது. அதைப் பொருத்திக்கொடுத்து, ஆட்களுக்கு ஓட்டப் பழக்கிவிட்டு வரும்படி என்னை ஒரு மாதம் அனுப்பினார்கள். என் முதல் வெளிநாட்டுப் பயணம் அது. விடுதிச் சாப்பாடு மூன்றாம் நாளே வயிற்றைக் கெடுத்துவிட்டது. ஆலையில் கணக்கெழுதும் ஒருவர் இரக்கப்பட்டு, கண்டி மஹய்யாவையில் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் மேல் அறையைப் பிடித்துக் கொடுத்தார். குறுகலான சந்தில் படிகள் ஏறிப் போக வேண்டிய வீடு. வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் இறந்துவிட்டார், மகள் கொழும்பில் வேலை. முதல் நாளே அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். கடைசிவரை எனக்கு அவர் அக்காதான்.

வெளிநாட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அதுதான் வினை. காலையில் சந்தில் இறங்கினால் தமிழ் காதில் விழும். பேருந்துப் பலகையில் தமிழ் இருக்கும். கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர், எல்லோருக்கும் அவர் நானா, "வாங்க வாங்க, இந்தியாக்காரர்" என்று சிரித்துக்கொண்டே இஞ்சி தட்டிப் பால் விடாத பிளேன்டீயை நீட்டுவார். நாற்காலியைக் கதிரை என்றார்கள், பேசுவதைக் கதைப்பது என்றார்கள், அலமாரியை அலுமாரி என்றார்கள். ஒரு வாரத்தில் இதெல்லாம் எனக்கும் வாயில் வந்துவிட்டது. வந்ததும் இந்த நாடே கைக்குள் வந்துவிட்டதாக ஒரு திமிர். மனைவிக்குத் தினமும் படம் அனுப்பி விளக்கம் சொல்வேன். பௌர்ணமி விடுமுறையைப் போயா என்பார்கள். அன்றைக்குப் பேராதெனிப் பக்கம் ஒரு விகாரைக்குப் போகும் சாலை முழுக்கக் கொடி கட்டியிருந்ததைப் பார்த்தேன். இங்கே கொடி கட்டினால் திருவிழா என்று நானே முடிவு செய்துகொண்டு, வீட்டுக்கும் அப்படியே எழுதிப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. மொழி தெரிந்தவனுக்குக் கேட்கத் தோன்றாது போலிருக்கிறது.

அக்கா அதிகம் பேசமாட்டார். நான் வேலை முடிந்து வந்தால் ரொட்டியும் மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச் சம்பலும் மேசையில் இருக்கும். நான் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். இரண்டாவது வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டிப் பக்கம் போய்த் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு வரப் போகிறேன் என்றேன். அவர் எழுந்து உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு கம்பளிச் சட்டையை எடுத்துவந்து மேசையில் வைத்தார். சாம்பல் நிறம், ஆண்கள் போடுவது.

"எங்க அண்ணன் அங்கதான் இருக்காரு தம்பி. இத அவருகிட்டக் குடுக்கணும்" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்தபோது இங்கே தேயிலைத் தோட்டத்தில் அம்மா இறந்துவிட்டார். வீட்டு எஜமானி பாஸ்போர்ட்டைத் தரவில்லை. அழுதும் தரவில்லை, காலைப் பிடித்தும் தரவில்லை. ஒரு வருடம் கழித்து அண்ணனுக்கு இந்தச் சட்டையும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தவரை அண்ணன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "பெத்தவ மொகத்தப் பாக்க வராதவ எனக்குத் தங்கச்சி இல்ல" என்று சொன்னவர், பதினோரு வருடமாக அதை மாற்றவில்லை. அக்காவும் அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்திருப்பதாக யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது.

"நான் போனா வெரட்டிருவாரு. இந்தியாவுலருந்து வந்த விருந்தாளிய வெரட்ட மாட்டாரு. சட்டையக் குடுத்துட்டு, ஒங்க தங்கச்சி வரலாமான்னு ஒரு வார்த்த கேளுங்க தம்பி. வேற ஒண்ணும் கேக்க வேணாம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு பேரைச் சேர்த்துவைக்கப் போகிறோம் என்ற நினைப்பு. ஞாயிறு காலை அக்கா எனக்கு முன்பே எழுந்து, வழியை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். படியில் இறங்கும்போது, "மறந்துறாதீங்க, வரலாமான்னு கேளுங்க" என்று இன்னொரு தடவை சொன்னார். அன்றுதான் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

கம்பளை வழியாகப் பேருந்து. பாதித் தூரம் மழை. நாவலப்பிட்டி டவுனில் இறங்கி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, அக்கா எழுதிக் கொடுத்தபடி வேறொரு பேருந்தில் ஏறி, தோட்டத்துச் சந்தியில் இறங்கினேன். மழை விட்டிருந்தது. சந்தியிலிருந்தே வெள்ளைக் கொடிகள் ஆரம்பித்தன. எனக்கு ஒரே உற்சாகம். கோவில் திருவிழா அன்று வந்து சேர்ந்திருக்கிறோம், அண்ணனும் நல்ல மனநிலையில் இருப்பார், சாப்பாடும் கிடைக்கும் என்றெல்லாம் நினைத்தேன். குனிந்து, நிமிர்ந்து, நாலைந்து படம் எடுத்தேன். அதில் நல்லதாகப் பார்த்து அக்காவுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: "நான் வர்றேன்னு தெரிஞ்சு உங்க ஊரே கொடி கட்டி வரவேற்குது பாருங்க அக்கா." ஒரு சிரிக்கிற முகத்தையும் போட்டேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அழைப்பு வந்தது.

"தம்பி, அந்தப் படம் இப்ப எடுத்ததா?"

"இப்பத்தானுங்க்கா. ஏதும் திருவிழாங்களா?"

"கொடி எங்க போகுதுன்னு பாத்துச் சொல்லுங்க. போன வைக்காதீங்க" என்றார்.

பதினோரு வருடமாகப் பார்க்காத ஊரை என் வாயால் கேட்க ஆசைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். வீடியோவில் காட்டட்டுமா என்றுகூடக் கேட்டேன். வேணாம், வாயால சொல்லுங்க என்றார். நடந்துகொண்டே சொன்னேன். வளைவு வந்தது, பாலம் மாதிரி ஒன்று வந்தது, கொழுந்து நிறுக்கிற மடுவம் வந்தது. ஒவ்வொன்றையும் நேர்முக வர்ணனை மாதிரி குரலை ஏற்றி இறக்கிச் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"கோவில் வந்துருச்சுங்க்கா. வழி ரெண்டாப் பிரியுது."

"கொடி மேல போகுதா, கீழ போகுதா?"

"கீழங்க்கா."

ஏதோ கணக்குப் போடுவது போல முணுமுணுத்தார். பிறகு, "கீழ் லயத்துல பதினாறு வீடு இருக்கு தம்பி. நடங்க" என்றார்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளைப் பார்த்து நடந்தேன். "பீலி தெரியுதா? தண்ணி விழுமே" என்றார். தாண்டிவிட்டேன் என்றேன். "அதுக்கப்புறமும் கொடி இருக்கா?" இருக்கிறது, ஒரு படிக்கட்டில் ஏறுகிறது என்றேன். "படிக்கு மேல நாலு வீடுதான்" என்றார். குரல் தேய்ந்துபோயிருந்தது. சிக்னல் சரியில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பேசினேன். படிகள் ஈரமாக இருந்தன. ஒரு கையில் சட்டை, ஒரு கையில் போன். ஏறி முடித்தபோது முதலில் செருப்புகள் தெரிந்தன, ஒரு வாசல் முழுக்கச் செருப்பு. பிளாஸ்டிக் கதிரைகளில் ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கட்டியிருந்த பதாகையில் ஒரு மனிதரின் படம். பெயரையோ தேதியையோ நான் படிக்கவில்லை. அந்த அகன்ற நெற்றி போதுமாக இருந்தது. தினமும் ராத்திரி எனக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் அதே நெற்றி.

"பட்டர் புரூட் மரம் இருக்கிற வீடா தம்பி?"

மரம் இருந்தது. என் வாயில் சொல் வரவில்லை.

"சரி தம்பி. வைங்க" என்றார் அக்கா.

அங்கெல்லாம் சாவு விழுந்தால் வீட்டிலிருந்து பெரிய சாலைவரை வெள்ளைக் கொடி கட்டுவார்கள், வருகிறவர்கள் யாரையும் விசாரிக்காமல் கொடியைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்வதற்காக. அன்றைக்குக் கதிரையை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்த ஒரு முதியவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அந்த நாட்டில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். அண்ணன் முந்தின நாள் சாயங்காலமே இறந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று மணி நேரத்தில் அக்கா வந்துவிட்டார். வெள்ளைச் சேலை, கையில் ஒன்றுமில்லை. படி ஏறி வந்தவரைப் பார்த்துப் பெண்களின் ஒப்பாரி அப்படியே நின்றது. அக்காவின் அண்ணி எழுந்து வாசலுக்கு வந்தார். அழுது வீங்கிய முகம்.

"ஒனக்கு யாரு சொன்னா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பி, "இந்தத் தம்பிதான்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இடம் கொடுத்த முதியவர் என் கையைப் பிடித்து, "பெரிய புண்ணியம் தம்பி" என்றார். பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது.

"யாருக்கு வேணும்னாலும் சொல்லு, அவளுக்குச் சொல்லாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனாரு. பாத்துட்டுப் போயிரு" என்றார் அண்ணி. கோபமாகச் சொன்னதாகத் தோன்றவில்லை. சொல்லியாக வேண்டியதைச் சொல்லி முடித்தது போல இருந்தது. அக்கா உள்ளே போய்ச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். தொடவில்லை, அழவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தவரிடம் சட்டையை நீட்டினேன். அவர் அதை அண்ணியிடம் நீட்டினார். "போடுற ஆளு இல்லயே" என்று அண்ணி உள்ளே போய்விட்டார். அடக்கம் மறுநாள். அதுவரை இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

திரும்பும் பேருந்தில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார், மடியில் சட்டை. கம்பளை தாண்டியது. அவர்தான் முதலில் பேசினார். "வரலாமான்னு கேக்கச் சொன்னேன். கேக்காமலே போயிட்டு வந்துட்டேன்." நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்குத் தெரியாதுங்க்கா, எங்க ஊர்ல இப்படி இல்லைங்க்கா என்று என்னென்னவோ உளறினேன். அந்தப் படத்தையும் நான் எழுதியதையும் அழித்துவிடுகிறேன் என்று கைபேசியை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

"அழிக்காதீங்க தம்பி. நீங்க தெரியாமத்தான் சொன்னீங்க. தெரிஞ்ச ஒருத்தரும் சொல்லல்லயே."

நான் கிளம்பும் நாளில் சட்டை மறுபடி அலுமாரியில் இருந்தது. இப்போதும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அக்காவுக்கு வாழ்த்து அனுப்புகிறேன். நன்றி தம்பி என்று பதில் வரும், அதற்கு மேல் இல்லை. அந்த வாழ்த்துகளை எல்லாம் தள்ளிக்கொண்டே மேலே போனால் மழை விட்ட சாலையும் கொடிகளும் வரும். அதன் கீழே, ஊரே கொடி கட்டி வரவேற்பதாக நான் எழுதிய வரியும், அந்தச் சிரிக்கிற முகமும். அழிக்க எத்தனையோ முறை விரல் போயிருக்கிறது. ஆனால் தன் அண்ணன் இறந்ததற்கு அக்காவுக்கு வந்த செய்தி அது ஒன்றுதான்.