லேமினேஷன் போட்ட கோடு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பம்மலில் தோலுக்கு மேல்பூச்சு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கெமிஸ்டாக இருந்தேன். பூச்சுக்கான பாலிமரின் மூலக்கூறு எடையை அளப்பது என் வேலை. அதற்கான மெஷினைத் தொடும் உரிமை எனக்கு மட்டும்தான் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

விஷயம் எளிது. கரைத்த பாலிமரை ஜெல் நிரப்பிய குழாய்க்குள் பம்பு தள்ளும். பெரிய மூலக்கூறு முதலில் வெளியே வரும். சிறியது ஜெல்லின் துளைகளில் எல்லாம் நுழைந்து சுற்றிவிட்டுத் தாமதமாக வரும். எடை தெரிந்த மாதிரிகளை முதலில் ஓட்டி, எது எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று கிராஃப் தாளில் கோடு போட்டுக்கொண்டால், பிறகு எதற்கும் நேரத்தைப் பார்த்தே எடையைச் சொல்லிவிடலாம்.

அந்த மாதிரிகள் வெளிநாட்டுச் சரக்கு. "பாத்து யூஸ் பண்ணுப்பா" என்று மேனேஜர் ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான், அவற்றை ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டிவிட்டேன். நான் போட்ட கோடு அழகாக வந்திருந்ததால் குரோம்பேட்டையில் லேமினேஷன் போட்டுச் சுவரில் மாட்டினேன். மாதம் ஒருமுறை கோட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று மெஷினோடு வந்த புத்தகம் சொன்னது. நான் மாதம் ஒருமுறை அதைத் துடைத்தேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

அப்போதுதான் பாலிமரைக் காய்ச்சும் ரியாக்டரின் பழைய ஆபரேட்டர் போய்ப் புதியவர் வந்தார். அவருடைய முதல் மூன்று பேட்ச்களும் எடை குறைவு. மூன்றின் ரிப்போர்ட்டிலும் சிவப்பு மையில் ஃபெயில் என்று எழுதினேன். நான்காவதும் போனால் வேலை கிடையாது என்று மேனேஜர் அவரிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவர் லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"கோச்சிக்காதீங்க சார். கைல தொட்டா பழைய சரக்கு மாதிரியேதான் கீது. உங்க மெஷின ஒருதபா பாத்துடுங்களேன்."

எம்.எஸ்சி. படித்தவனிடம் கைப்பதம் பேசுகிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் வாயை அடைக்கத்தான் ஃபிரிட்ஜைத் திறந்தேன். எடை தெரிந்த மாதிரி ஒன்றை அவர் கண்ணெதிரிலேயே ஓட்டினேன்.

வர வேண்டிய நிமிடத்தில் அது வரவில்லை. ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் தாளில் பேனா மேலே ஏறியது. பம்பின் சீல் தேய்ந்து, அவர் வந்த சமயம் பார்த்து ஓட்டம் குறைந்திருந்தது. எல்லாமே தாமதமாக வர, எல்லாமே எடை குறைவு என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார் ஆச்சு?"

"பம்புல கொஞ்சம் ப்ராப்ளம்."

மேனேஜரிடமும் அதையேதான் சொன்னேன். இரண்டு வருடமாக நான் சரிபார்க்காததைப் பற்றி மூச்சு விடவில்லை. "நல்லவேளை, நீ கண்டுபிடிச்ச" என்று தோளில் தட்டினார். பம்பைச் சரிசெய்து, கோட்டைப் புதிதாகப் போட்டு மறுபடி ஓட்டியபோது மூன்று பேட்ச்களும் பாஸாகின.

வேலை நிரந்தரமான வாரத்தில் அந்த ஆபரேட்டர் மனைவியோடு அஸ்தினாபுரத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். "இந்த சாருதான் என் வேலைய காப்பாத்துனாரு" என்று அவளிடம் சொன்னார். அந்தப் பெண் கைகூப்பிவிட்டு மைசூர்பாகு டப்பாவை நீட்டினாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டேன்.